பைய

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் பேசுவதை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு, இங்கே ஏதோ சண்டை நடக்கிறது என்றுதான் தோன்றும். மரச்சீனிக் கிழங்கு கிலோ என்ன விலை என்பதையே கையை ஓங்காத குறையாகத்தான் கேட்போம். 'லேய்' இல்லாமல் கூட்டுக்காரனை, அதாவது நண்பனை, கூப்பிட வராது, 'எளவு' இல்லாமல் தொலைந்துபோன சாவியைத் தேட வராது. கோயம்புத்தூரில் வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வைத்துத் தாலாட்டுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு, லீவுக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் டீக்கடைக்காரர் "என்ன வேணும், சட்டுன்னு சொல்லும்" என்பார். ஊர் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் காலையிலிருந்து ராத்திரி வரை அதிகமாகக் காதில் விழுகிற சொல் எது என்று கேட்டால், 'பைய' என்று யோசிக்காமல் சொல்வேன். "பைய எறங்கணும் பாட்டி, வண்டி நிக்கட்டு" என்கிறார் கண்டக்டர். "பையத் தின்னு மக்ளே, மீன்ல முள்ளு கெடக்கு" என்கிறாள் அம்மா. பிரசவம் முடிந்து கட்டிலிலிருந்து எழுகிறவளுக்கு நாலு பக்கமிருந்தும் "பைய எழும்பு, பைய, பைய" என்று கேட்கும். பைக் எடுத்தால் பையப் போகணும், கதவைப் பையச் சாத்தணும், வாழைக்குலையைப் பைய இறக்கணும். அப்புறம், "லேய், பையப் பேசுலே, பிள்ள ஒறங்குது!" இதை யாரும் பையச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சுக்கு எழும்பாத பிள்ளை இந்த அதட்டலுக்குத்தான் எழும்பும்.

அகராதியைப் புரட்டினால் பைய என்றால் மெல்ல, மெதுவாக என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. வடக்கே 'மெதுவா', 'மெல்லமா' என்பார்கள். திருநெல்வேலிக்காரர்களிடம் பைய உண்டு, அதில் நாங்கள் பங்காளிகள். மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் 'பதுக்க' என்பதும் சேர்ந்துகொள்ளும், அது மலையாளத்தோடு கலந்த பேச்சு. மலையாளத்திலும் 'பய்யே' இருக்கிறது, பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்கிற பழமொழி அவர்களிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாக்களைச் சேர்த்துக் குமரி மாவட்டமாக்கித் தமிழ்நாட்டோடு இணைத்தபோது எல்லைக்கோடு போட்டார்கள். பைய அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது பேச்சைப் பற்றி. ஒருத்தர் மென்மையாகப் பேசுவதைச் சொல்ல எழுத்துத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை, இன்சொல், கனிமொழி, மென்மொழி என்று அடுக்கலாம். ஆனால் இவை எதையும் எங்கள் தெருவில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "அவரு நல்ல இன்சொல் உள்ள ஆளு" என்று யாராவது சொன்னால் பட்டிமன்றப் பேச்சாளர் என்று நினைத்துக்கொள்வோம். எங்களிடம் இருப்பது பைய ஒன்றுதான், அதிலும் இரண்டு விதம். பையப் பேசு என்றால் சத்தத்தைக் குறை. பையச் சொல்லு என்பது வேறு சங்கதி. அது சத்தத்தைப் பற்றியதே இல்லை.

அந்த இரண்டாவது அர்த்தம் எனக்கு விளங்கியது ரப்பர் தோட்டத்தில். குலசேகரம் பக்கம் என் மாமா ஒருத்தர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மகனுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்த சமயம் நானும் கூடப் போயிருந்தேன். "பைய வெட்டணும், பைய வெட்டணும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் கை என்னவோ பறந்தது. பழைய வெட்டின் மேல் ஒட்டியிருந்த காய்ந்த பாலை ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார், கத்தியை இடதுபக்கம் மேலே வைத்து வலதுபக்கம் சரிவாகக் கீழே இழுத்தார், சீவல் நூல் மாதிரி சுருண்டு விழுந்தது, பால் துளித்துளியாய்க் கோர்த்து ஓடிவந்து சிரட்டையில் சொட்ட ஆரம்பிப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போயாயிற்று. "இவ்வளவு வேகமா வெட்டுதீங்க, அவன்கிட்ட மட்டும் பைய பையன்னா?" என்று கேட்டேன். "பையன்னா மெதுவா இல்ல பிள்ளே, ஆழமாப் போவக்கூடாது. பட்டையோட நிக்கணும். தடியில கத்தி பட்டா பின்ன அந்த எடத்துல செரியா பட்டை வைக்காது, முண்டும் முடிச்சுமா ஆயிரும்."

தடி என்றால் பட்டைக்கு உள்ளே இருக்கிற மரம். பட்டையில் படாமல் பால் வராது, வெட்டித்தான் ஆக வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. பையச் சொல்லு என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறபோதும் சொல்லாதே என்று அர்த்தமில்லை, சர்க்கரை தடவிச் சொல் என்றும் அர்த்தமில்லை.

பழைய பாட்டுகளில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால் சுவாரசியமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த கொன்றை வேந்தனில் 'பையச் சென்றால் வையம் தாங்கும்'. திருப்பாவையின் இரண்டாவது பாசுரத்தில் 'பாற்கடலுள் பையத் துயின்ற பரமன்'. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும், அவ்வளவு நீளமாகக் கிடக்கிறார். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'பையத் துயின்ற' ஞாபகம் வரும். பெருமாளைச் சத்தம் போட்டு எழுப்பிவிடக்கூடாது என்று எங்கள் ஊர்க்காரி யாரோ பக்கத்திலிருந்து சொல்கிற மாதிரி இருக்கும். அதே பாசுரத்தில் 'தீக்குறளைச் சென்றோதோம்' என்றும் வருகிறது, புறம் பேச மாட்டோம் என்று நோன்பிருக்கிற பெண்கள் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். மார்கழிக் குளிரில் குளிப்பதைவிட அது கஷ்டமான நோன்பு.

குறளிலும் பைய உண்டு, ஆனால் இனியவை கூறல் அதிகாரத்தில் இல்லை, காமத்துப்பாலில். 'அசையியற்கு உண்டாண்டோர் ஏஎர்யான் நோக்கப் பசையினள் பைய நகும்.' நான் பார்க்க, அவள் மனசு இளகி மெல்லச் சிரிப்பாள், அதில் ஒரு தனி அழகு இருக்கிறது என்கிறான். மெல்லச் சிரிப்பாள் என்று உரை எழுதலாம். பையச் சிரிப்பாள் என்று படிக்கிறபோது எங்கள் ஊர்க்காரர்களுக்கு உரையே வேண்டாம், தாவணியோடு ஒருத்தி தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சம்பந்தர் பாடியது. சேக்கிழார் சொல்லும் கதைப்படி, மதுரையில் சம்பந்தர் தங்கியிருந்த மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தார்கள். அந்தத் தீ பாண்டியனைப் போய்ச் சேரட்டும் என்று சம்பந்தர் பாடுகிறார், அதுதான் அரசனுக்கு வெப்பு நோயாக வந்தது என்பது கதை. ஆனால் அந்த வரியைக் கவனியுங்கள், 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே'. கோபத்தில் பாடுகிற பாட்டு, மடத்துக்குத் தீ வைத்திருக்கிறார்கள், அதற்கு நடுவிலும் ஒரு 'பையவே'. இந்த ஒரு சொல்லை ஏன் போட்டார் என்று சேக்கிழார் ஒரு முழுப் பாட்டில் காரணங்களை அடுக்குகிறார். ராணியின் தாலி நிலைக்க வேண்டும், மந்திரி குலச்சிறையார் அன்பானவர், அரசன் மேல் குற்றம் இருக்கிறது என்றாலும் அவன் பிழைத்துச் சைவத்துக்குத் திரும்பி வரப்போகிறவன். தண்டனை கொடுக்காமல் விடவில்லை. ஆனால் அது போய்ப் படுகிற இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்தார். மதம் சம்பந்தப்பட்ட சண்டையை விட்டுத்தள்ளுங்கள், ஒரு வினையடைக்கு இவ்வளவு பெரிய உரை வேறெங்கும் நான் படித்ததில்லை.

சரி, பாட்டு போதும், வீட்டுக்கு வருவோம்.

பையச் சொல்வதற்கென்று எங்கள் ஊரில் சில ஆட்கள் உண்டு. பதவி எதுவும் கிடையாது, ஆனால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் துக்கச் செய்தி சொல்ல வேண்டும் என்றால் ஊர் அவர்களைத்தான் தேடும். எங்கள் தெருவில் ஒரு மைனி, அதாவது அண்ணி முறைக்காரர், இருந்தார். செய்தியோடு ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் நேராகத் திண்ணையில் உட்கார்ந்து "கொஞ்சம் வெள்ளம் தா" என்பார். வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர்தான், வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். குடித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்பார். சாப்பிடவில்லை என்றால் அதையும் இதையும் பேசி ரெண்டு வாய் சாப்பிட வைத்துவிடுவார், ஏனென்றால் இனி எப்போது சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அடுப்பு எரிந்தால் அணைக்கச் சொல்வார். இடுப்பில் பிள்ளை இருந்தால் "இங்க தா, நான் வச்சுக்கிடுதேன்" என்று வாங்கிக்கொள்வார். அப்புறம்தான் "அண்ணனுக்கு ஒடம்புக்குக் கொஞ்சம் முடியலயாம்" என்று தொடங்குவார். கேட்கிறவளுக்கு அந்தப் பிள்ளையை வாங்கும்போதே பாதி தெரிந்திருக்கும். மிச்சத்தை அவளே கேட்பாள், மைனி தலையை மட்டும் ஆட்டுவார். பல சமயம் அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லவே வேண்டியிருக்காது.

இதில் பொய் கலந்திருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லலாம். செத்துப்போனவருக்கு 'முடியலயாம்' என்பது பொய்தானே என்று என் தம்பி ஒருமுறை சட்டம் பேசினான். கணக்குப்படி பொய்தான். ஆனால் அந்தப் பொய்யின் ஆயுசு பத்து நிமிஷம், அதுவும் ஏமாற்றுவதற்காகச் சொன்னதில்லை, மனசைத் தயார் செய்வதற்காகச் சொன்னது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அம்மா இப்போதும் வேளை கெட்ட வேளையில் போன் செய்தால் ஹலோ சொல்வதற்கு முன்னால் "ஒண்ணுமில்ல மக்ளே, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் ஆரம்பிப்பாள். தேங்காய் விலை பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள். ராத்திரி பத்தரைக்கு மணி அடித்தால் எனக்கு எங்கெல்லாம் புத்தி போகும் என்று அவளுக்குத் தெரியும்.

கடற்கரை ஊர்களில் இது வேறு மாதிரி. அங்கே பையப் பேசினால் யாருக்கும் கேட்காது, அலைச் சத்தமும் எஞ்சின் சத்தமுமாக இருக்கிற இடத்தில் தொண்டையைத் திறந்துதான் பேச வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் முரடர்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு, எனக்குக் கோபம் வரும். பையச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேயும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இருந்தாக வேண்டும், கடலுக்குப் போகிற ஊர் அது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கரை முழுக்க ஆழ்கடலுக்குப் போன படகுகளைப் பார்த்து நாள்கணக்காகக் காத்திருந்தார்கள். பலர் திரும்பவில்லை, சிலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை, கிடைத்தவற்றில் சிலவற்றை டிஎன்ஏ பார்த்துத்தான் அடையாளம் காண முடிந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் என் கூட்டுக்காரி அந்த நாட்களைப் பற்றிச் சொன்னது இது. "பையச் சொல்லதுக்கு ஆளு இருந்து. சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல. இருக்காவளா இல்லியான்னு தெரியாம எதப் போய் சொல்ல?"

இப்போது எந்தச் செய்தியும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வருவதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ வந்துவிடுகிறது, கீழே கண்ணீர் அஞ்சலி, பக்கத்தில் ரோஜாப்பூ. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தன் சித்தப்பா இறந்ததை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். போட்டவர் கெட்டவர் இல்லை, தூரத்து உறவுக்காரப் பையன், பாசத்தில்தான் போட்டான். ஆனால் அவள் தோளில் பை தொங்குகிறது, ஒரு கையில் கம்பி, உட்கார இடமில்லை, வெள்ளம் கொடுக்க ஆளில்லை. இதற்கெல்லாம் ஒரு சட்டம் கொண்டுவரலாம் என்று நான் சீரியஸாகவே நினைக்கிறேன். வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று தெரிகிற வரை யாரும் ஸ்டேட்டஸ் போடக்கூடாது, அவ்வளவுதான்.

குழைந்து பேசுவதும் பையப் பேசுவதும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் பாறை மேல் நிற்கிற திருவள்ளுவர் சிலைக்கு மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகாரங்களுக்கு. மேலே சிலை 95 அடி, அது பொருளுக்கும் இன்பத்துக்கும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பத்தாவது அதிகாரமான இனியவை கூறல் பீடத்துக்குள் போய்விடுகிறது. 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்ததிலிருந்து எத்தனை பேர் அந்தப் பீடத்துக்குள் ஏறிப்போய் வள்ளுவர் கால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள்! படகுக்கு நிற்கிற வரிசையில் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வதைக் கேட்டால் அந்த அதிகாரத்தை யாரும் வழியில் பார்க்கவில்லை என்பது தெரியும். அந்த அதிகாரத்தின் முதல் குறளே 'இன்சொலால் ஈரம் அளைஇப் படிறுஇலவாம்' என்று தொடங்குகிறது. ஈரம் வேண்டும், சரி. ஆனால் கூடவே படிறு இருக்கக்கூடாது என்கிறார், வஞ்சகம் இல்லாமல் என்று அர்த்தம். இனிமையாகப் பேசச் சொல்கிற இடத்திலேயே வள்ளுவர் ஏன் வஞ்சகத்தைப் பற்றி எச்சரிக்கிறார் என்றால், அந்த இரண்டும் ஒரே வாயில் சௌகரியமாகக் குடியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நைச்சியம் என்கிற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். வைணவர்கள் எழுத்தில் அது தன்னைத் தாழ்த்திக்கொண்டு பெருமாள் முன் நிற்கிற பணிவு. தெருவுக்கு வந்ததும் 'நைச்சியமாப் பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டான்' என்று ஆகிவிட்டது. போன வருஷம் ஒரு வண்டிக் கடனில் தவணை தள்ளிப்போனபோது அந்தக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் தினமும் கூப்பிட்டார். அப்படியொரு குரல், பஞ்சு மாதிரி. "மேடம், சாப்பிட்டீங்களா மேடம்? தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம், நாளைக்குக் காலையில நீங்க வேலைக்குக் கெளம்பற நேரத்துக்கு நம்ம பசங்க வீட்டுக்கு வருவாங்க மேடம், அக்கம்பக்கத்துல சங்கடம் வேண்டாமேன்னுதான் மேடம்." ஒரு கடுஞ்சொல் கிடையாது, குரல் ஒரு மில்லிமீட்டர் உயரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அதே வாரம் எங்கள் பலசரக்குக் கடை அண்ணாச்சி, "பழைய பாக்கி கெடக்கு, எப்பம் தருவ? தராம சாமானம் கேட்டு வராத" என்று நாலு பேர் முன்னால் கத்தினார். சாமானையும் கொடுத்துத்தான் அனுப்பினார். எது கத்தி தடியில் பட்ட பேச்சு என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தச் சொல்லைக் கொஞ்சிக்கொண்டே போக எனக்கு மனசு வரவில்லை, அதை வைத்து அடக்குகிற வேலையும் நடந்திருக்கிறது. "பொம்பளப்பிள்ள பையப் பேசணும்" என்பதைக் கேட்காமல் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வளர்ந்திருக்க மாட்டாள். என் அண்ணன் கூரை பிய்கிற மாதிரி கத்துவான், அது ஆம்பளைக் குரல். நான் முற்றத்தில் நின்று சிரித்தாலே தெருவுக்குக் கேட்குதாம். அம்மாவுக்கு அம்மா சொன்னதைத்தான் அம்மா சொன்னாள், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் என் மகளிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. பிள்ளை உறங்கினால் மட்டும் பையப் பேசச் சொல்வேன், அப்போது வீட்டு ஆம்பளைகளுக்கும் சேர்த்தே.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் கசப்பாக இருக்கிறது. இந்த ஊர்கள் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் மேல்சாதிக்காரர் முன்னால் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் வீட்டை, தான் தின்னும் சோற்றைக்கூட மட்டமான பேர் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. வெளியூரிலிருந்து ஒருத்தர் வந்து கேட்டிருந்தால் என்ன பணிவான பேச்சு என்று புகழ்ந்திருப்பார். தோளில் சீலை போடுவதற்கே எங்கள் பாட்டிமார் அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது, 1859-இல் அரசு உத்தரவு வந்தபோதும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்கிற நிபந்தனையோடுதான் வந்தது. அந்த உத்தரவு வருவதற்கு முன்பே அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். இன்றைக்கும் அங்கே அப்படித்தான். வள்ளுவரும் இதைப் பற்றித் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார், 'பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு'. கையில் இருக்கிறவன்தான் பணிய வேண்டும், இல்லாதவன் நிமிர்ந்து நிற்க வேண்டும். நடைமுறையில் எப்போதும் இதைத் தலைகீழாகத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஆபீஸில் மேலதிகாரி கத்துவார், கீழே இருக்கிறவன் பையப் பேச வேண்டும்.

அதனால் ஒருத்தர் பையப் பேசுகிறார் என்றால் யாரிடம் அப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பது என் வழக்கம். தன்னைவிடப் பெரிய ஆளிடம் பேசும்போது எல்லாருக்கும் அது தானாக வந்துவிடும். ஓட்டலில் மேசை துடைக்கிற பையனிடம், தப்பாக எண்ணிச் சில்லறை கொடுத்துவிட்ட கண்டக்டரிடம், காது கேட்காத கிழவியிடம் வருகிறதா? காது கேட்காதவர்களிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்பது வேறு, அதிலும் பைய உண்டு. எங்கள் பாட்டாவிடம் அம்மா கத்துகிற கத்தல் ரோட்டுக்குக் கேட்கும், "கஞ்சி குடிச்சாச்சா, இன்னும் கொஞ்சம் விடட்டா, கேட்டேளா?" என்று. அதில் ஒரு துளி எரிச்சல் இருக்காது. பேச்சு முடிகிற இடத்தில் நாங்கள் வைக்கிற அந்தக் 'கேட்டியா', 'கேட்டேளா' கேள்வியே இல்லை, பதிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. "நேரத்தோட வரணும் கேட்டியா" என்றால் அதட்டல் பாதி உருகிவிடும். ஒரே ஒரு ஆளைப் பார்த்து 'மக்களே' என்று பன்மையில் கூப்பிடுவதும் அப்படித்தான். "அறிவிருக்கா ஒனக்கு" என்பதோடு ஒரு 'மக்ளே' சேர்த்துவிட்டால் திட்டு வாங்குகிறவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

மகள் இப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அங்கே போனதும் 'மெதுவா'வுக்கு மாறிவிட்டாள், எங்களிடம் போனில் பேசும்போதுகூட நாக்கில் அதுதான் வருகிறது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவசரத்தில் பழையதுதான் வரும் போலிருக்கிறது. போன மாதம் அவள் ரூமில் இருக்கிற செங்கல்பட்டுப் பிள்ளை மாடிப்படியில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டது. இவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு "பைய எடு, பைய எடு" என்றிருக்கிறாள், காலைப் பைய எடுத்து வை என்கிற அர்த்தத்தில். அது வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "பையை எல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்டி, முதல்ல என்னைத் தூக்கு" என்றதாம். இப்போது அந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அக்காவிடம் "பைய ஊத்துங்கக்கா" என்கிறதாம். அந்த அக்கா எங்கள் தெற்குப் பக்கத்துச் சாத்தான்குளத்துக்காரர், நிமிர்ந்து பார்த்து "நீ எந்த ஊரு பிள்ளே?" என்று கேட்டாராம்.